காதல் கதையா, திகில் கதையா? பூட்டு எந்தப் பக்கம் இருக்கிறது?

கணவர் மனைவிக்கு ஒரு நாளைக்குப் பத்து முறை போன் செய்கிறார். "எங்க இருக்க? யாரோட இருக்க?" காதல் நாவலில் வந்தால் அது பாசம். அதே காட்சி இன்னொரு வகை நாவலில் வந்தால் வயிற்றைக் கலக்கும்.

அந்த இன்னொரு வகைக்கு ஆங்கிலத்தில் 'டொமெஸ்டிக் சஸ்பென்ஸ்' என்று பெயர். குடும்பத் திகில் கதை என்று வைத்துக்கொள்ளலாம். பேய் கிடையாது. துப்பறிபவருக்கும் பெரிய வேலை இருக்காது. ஆபத்து வீட்டுக்குள்ளேயே சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கும்.

இந்த வகையைப் பெரிய அளவில் பரப்பியது கிலியன் ஃபிளின் 2012இல் எழுதிய 'கான் கேர்ள்'. ஐந்தாவது திருமண நாளன்று மனைவியைக் காணோம். கணவன் சொல்வதையும் நம்ப முடியாது, மனைவியின் நாட்குறிப்பையும் நம்ப முடியாது. 2015இல் பாலா ஹாக்கின்ஸின் 'தி கேர்ள் ஆன் தி டிரெயின்' வந்தது. அதற்கப்புறம் தலைப்பில் 'கேர்ள்' இல்லாத திகில் நாவலைத் தேடவேண்டிய நிலைமை!

புதுசா என்ன?

புதுசு இல்லை. டாஃப்னி டு மோரியேயின் 'ரெபெக்கா' 1938இல் வெளிவந்தது. அதே ஆண்டு லண்டனில் பேட்ரிக் ஹேமில்டனின் 'கேஸ் லைட்' நாடகம் மேடையேறியது. அதில் வீட்டு விளக்கு மங்குவதை மனைவி பார்க்கிறாள். கணவனோ அவளுக்குத்தான் புத்தி சரியில்லை என்று அவளையே நம்பவைக்கப் பார்க்கிறான். இன்று எல்லாரும் சொல்கிற 'கேஸ்லைட்டிங்' அங்கிருந்து வந்த சொல்தான்.

எனக்கு இவற்றைவிடப் பிடித்தது சீலியா ஃபிரெம்லின் 1958இல் எழுதிய 'தி அவர்ஸ் பிஃபோர் டான்'. கைக்குழந்தை இரவெல்லாம் அழுகிறது. தாய்க்குத் தூக்கமே இல்லை. வாடகைக்கு வந்த பெண்மீது அவளுக்குச் சந்தேகம். ஆனால் அசதியில் உளறுகிறாள் என்றுதான் வீட்டில் நினைப்பார்கள்.

இந்தக் கதைகளின் உயிர்நாடியே அதுதான். யார் குற்றவாளி என்பதல்ல, இவள் சொன்னால் யார் நம்புவார்கள் என்பதே கேள்வி. பி.ஏ.பாரிஸின் 'பிஹைண்ட் குளோஸ்டு டோர்ஸ்' நாவலில் கணவர், அடிபட்ட மனைவிகளுக்காக வாதாடும் வழக்கறிஞர். ஊரே மெச்சும் மனிதர். அவரைப் பற்றி எங்கே போய்ப் புகார் சொல்வது?

எல்லைக்கோட்டில் ஒரு புத்தகம்

டிக்டாக் வழியாகப் பலர் படித்த கொலீன் ஹூவரின் 'இட் எண்ட்ஸ் வித் அஸ்' (2016) காதல் கதை போலத்தான் தொடங்கும். பாஸ்டன் நகரம், அழகான மருத்துவர், பூக்கடை வைக்கும் லில்லி. பிறகு முதல் அடி விழுகிறது. அவன் மன்னிப்புக் கேட்கிறான். அவள் மன்னிக்கிறாள். வாசகரும்தான் மன்னிக்கிறார், புத்தகத்தின் பலம் அந்த இடம்தான். தம் தாயின் வாழ்க்கையே இதற்கு அடிப்படை என்று ஹூவர் சொல்லியிருக்கிறார்.

ஆனாலும் 2023இல் இந்தக் கதையை வைத்து வண்ணம் தீட்டும் புத்தகம் வரப்போவதாக அறிவிப்பு வந்தபோது வாசகர்கள் கொதித்துப்போனார்கள். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 2024இல் படம் வந்தபோதும் அதை ஜாலியான காதல் படம்போல விளம்பரப்படுத்தியது சரியா என்ற சர்ச்சை எழுந்தது. நியாயமான கேள்வி என்றே தோன்றுகிறது.

மறுபக்கம், திகில் நாவல்களிலும் சிக்கல் உண்டு. கடைசித் திருப்பத்துக்காக, பாதிக்கப்பட்டவளே பொய் சொல்கிறாள் என்று முடிக்கும் கதைகள் நிஜத்தில் புகார் கொடுப்பவர்மீது சந்தேகத்தை வளர்க்காதா? 'கான் கேர்ள்' வந்தபோதே எழுந்த விவாதம் இது, இன்னும் ஓயவில்லை.

ஃபிரீடா மெக்ஃபேடனின் 'தி ஹவுஸ்மெய்ட்' (2022) நாவலில் வேலைக்கு வரும் மில்லிக்கு மாடியறை ஒன்று கிடைக்கிறது. அந்தக் கதவின் பூட்டு வெளிப்பக்கம் இருக்கிறது. மிச்சத்தைச் சொல்லமாட்டேன், படித்துக்கொள்ளுங்கள்!

கதை முடிந்தால் புத்தகத்தை மூடிவிடலாம், வீட்டை அப்படி மூட முடியாது. சிங்கப்பூரில் மாதர் சாசனத்தின் குடும்ப வன்முறை தொடர்பான மாற்றங்களை 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அடி உதை மட்டுமல்ல, மனரீதியான வதையும் குடும்ப வன்முறை என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. தனிநபர் பாதுகாப்பு ஆணைக்குச் சொந்தமாக விண்ணப்பிக்கும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைந்துள்ளது. உதவி வேண்டுவோர் 1800-777-0000 என்ற தேசிய உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.