மலை காலியான பிறகு: போன்சாயில் பட்ட மரத்தின் கதை

ஜூனிப்பர் போன்சாயை முதல்முறை பார்க்கிறவங்க பலரும் கேட்பது: "இதுக்கு ஏன் வெள்ளை பெயின்ட் அடிச்சிருக்காங்க?" அது பெயின்ட் இல்லைங்க, பட்டுப்போன மரம். தண்டுல பாதி எலும்பு மாதிரி வெளுத்திருக்கும். பக்கத்துல விரல் அகலத்துக்குப் பட்டை மட்டும் மேலே ஏறும். அதுக்கு அடியில ஓடுற உயிர்ப்பாதைதான் உச்சியில இருக்கிற மொத்தப் பச்சைக்கும் சோறு போடுது.

பட்டுப்போன கிளைக்கு ஜப்பான்ல 'ஜின்'னு பேர். தண்டுல பட்டை உரிஞ்ச பகுதி 'ஷாரி'. புத்தரோட எலும்புக்கும் அஸ்திக்கும் இதே சொல்தான். மூலம் சமஸ்கிருத 'சரீரம்'. நமக்குத் தெரிஞ்ச அதே சரீரம், பௌத்தத்தோட சீனா வழியா போய் ஒரு குட்டி மரத்துல உட்கார்ந்திருக்கு!

ஆரம்பத்துல இதைச் செதுக்கினது மனுஷன் இல்லை. பாறை இடுக்குல முளைச்ச செடியைப் பனி அழுத்தும், உருண்டு வர்ற கல் கிளையை முறிக்கும், காத்து பட்டையைத் தேய்க்கும். அப்படி நூற்றாண்டுக் கணக்கா அடிவாங்கின செடிகளைப் பெயர்த்து எடுத்து வர்றதுக்குப் பேர் 'யமதோரி'. ஷிகோகு தீவுல 1,982 மீட்டர் உயரமுள்ள இஷிசுச்சி மலை, பிறகு நீகாட்டா பக்கம் இதோய்காவா. இங்கெல்லாம் செங்குத்துப் பாறையில கயிறு கட்டித் தொங்கித்தான் 'ஷிம்பாக்கு' ஜூனிப்பரை எடுத்தாங்க. விழுந்து செத்தவங்களும் உண்டு. நல்ல விலை கிடைச்சதால ஆட்கள் போய்க்கிட்டே இருந்தாங்க. கடைசியில மலைதான் காலியாச்சு.

இன்னொரு பக்கம், 1923 பூகம்பத்துக்குப் பிறகு டோக்கியோ போன்சாய்க்காரங்க ஓமியாவுக்குக் குடிபெயர்ந்தாங்க. 1925ல அங்கே போன்சாய் கிராமமே உருவாச்சு. அங்கே தொழில் படிச்ச மசாஹிகோ கிமுரா பின்னாடி மின்கருவிகளை வச்சே ஜின், ஷாரி செதுக்க ஆரம்பிச்சார். பழைய ஆட்கள் முகம் சுளிச்சாங்க. எனக்கு அதுல தப்பு தெரியலை. மலையில மிச்சமிருக்கிறதைப் பிடுங்குறதுக்கு இது எவ்வளவோ மேல்.

மேற்குல ஒரு கிண்டல் சொல்லே பிறந்தது: 'யார்டதோரி'. அதாவது வீட்டுத் தோட்டத்துல எடுத்தது. அமெரிக்காவுல வாசல்ல வளர்ந்த பழைய ஜூனிப்பர், இங்கிலாந்துல யூ மர வேலி. வீட்டைப் புதுப்பிக்கிறப்போ குப்பைக்குப் போற செடிகள் இவை. உரிமையாளர்கிட்ட கேட்டா பெரும்பாலும் சந்தோஷமா கொடுத்துடுவாங்க.

ஆனா தோட்டத்துச் செடி வெட்டுக்கத்தரியைத் தவிர எந்தக் கஷ்டமும் படாதது. பழைய பட்ட பகுதி அதுக்குக் கிடையாது, நாமதான் உருவாக்கணும். அதனால தேவையில்லாத கிளையை ஒட்ட வெட்டாம, கட்டையா கொஞ்சம் விட்டு வைப்பாங்க. பிறகு பட்டையை உரிச்சு, நாரைக் குறடால பிடிச்சு அதன் போக்குலயே கிழிப்பாங்க. ரம்பம் போட்டா வெட்டின தடம் காட்டிக்கொடுத்துடும். சுண்ணாம்பும் கந்தகமும் சேர்த்துக் காய்ச்சின கரைசலைத் தடவினா முதல்ல மஞ்சளா, அழுகின முட்டை வாடையோட இருக்கும். காய்ஞ்சதும் வெளுத்துடும், பூஞ்சையும் அண்டாது. மண்ணுல மட்டும் சிந்தக்கூடாது.

இதெல்லாம் தோண்டின அன்னிக்கே செய்ய வேண்டிய வேலை இல்லை. வேர் பிடிச்சு, புதுத் துளிர் வந்து, எந்தப் பக்கம் உயிர் ஓடுதுன்னு தண்டுல தெரிய ஒரு வருஷமாவது ஆகும். அவசரப்பட்டு உரிச்சவங்க பலர், உயிர் இருந்த பக்கத்தையே உரிச்சிருக்காங்க.