பழைய கம்ப்யூட்டரை எந்தத் தட்டில் வைப்பது?

பழைய கம்ப்யூட்டர் சேர்க்கிற ஆசாமிகள் நாலு பேரிடம் "இதையெல்லாம் எப்படிப் பிரிச்சு அடுக்குவீங்க?"ன்னு கேட்டுட்டு ஒதுங்கி நின்னு வேடிக்கை பாருங்க. சண்டை உறுதி.

பெரும்பாலும் ஜெயிப்பது கம்பெனி பெயர்தான். ஆப்பிளுக்கு ஒரு தட்டு, கமடோருக்கு ஒன்று, அடாரிக்கு ஒன்று. பார்க்க அழகா இருக்கும். ஆனா அப்படி அடுக்கினால் சரித்திரம் கீழே கொட்டிவிடுகிறது என்பது என் கட்சி.

1975ல் வந்த ஆல்டேர் 8800ஐயே எடுத்துக்குங்க. அதன் உள்ளே கார்டுகளைச் செருக 100 பின் கொண்ட இணைப்பு இருந்தது. அதைப் பார்த்து மற்ற கம்பெனிகளும் அதில் பொருந்துகிற கார்டுகளைச் செய்ய ஆரம்பித்தார்கள். இம்சாய் என்ற கம்பெனி முழு கம்ப்யூட்டரையே அதே இணைப்போடு விற்றது. எஸ்-100 என்று பெயர். இந்த வகைப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பல கம்பெனி கார்டுகள் இருக்கும். எந்தத் தட்டில் வைப்பீங்க?

சரி, ப்ராசஸர் வாரியா அடுக்கலாமா? மாஸ் டெக்னாலஜி 1975ல் 6502ஐ 25 டாலருக்கு விற்றது. இன்டெல் 8080 முதலில் வந்தபோது 360 டாலர்! 1976ல் மாஸ் டெக்னாலஜியைக் கமடோர் வாங்கிவிட்டது. ஆக 1977ல் வந்த ஆப்பிள் 2க்குள் இருந்தது போட்டிக் கம்பெனி வீட்டுப் பிள்ளை :-) கமடோர் பெட், அடாரி 800, பிபிசி மைக்ரோ எல்லாத்துக்கும் அதே 6502தான். ஆனா ஒன்றில் ஓடும் விளையாட்டு இன்னொன்றில் அப்படியே ஓடாது. திரையும் சத்தமும் வேறு வேறு சிப்புகள் கையில். அதனால ப்ராசஸரும் முழு விடை இல்லை.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை 1984ல் நடந்தது. கமடோரை நிறுவிய ஜாக் ட்ரேமியல் அந்த ஜனவரியில் அங்கிருந்து வெளியேறினார். ஜூலையில் அடாரியின் வீட்டுக் கம்ப்யூட்டர் பிரிவை வாங்கினார். கமடோர் எஞ்சினியர்கள் சிலரும் பின்னாடியே போனார்கள். அவர்கள் செய்ததுதான் அடாரி எஸ்டி. இந்தப் பக்கம் ஜே மைனர். அடாரி 800இன் சிப்புகளை வடிவமைத்த குழுவின் தலைவர். அவர் அடாரியை விட்டு வந்து அமிகாவை உருவாக்கினார். பணம் போதாமல் அடாரியிடமே 5 லட்சம் டாலர் கடன் வாங்கியிருந்தது அந்தச் சின்னக் கம்பெனி. கடைசியில் அதை வாங்கியது யார்? கமடோர்! கட்சித் தாவலெல்லாம் இதுக்கு முன்னாடி ஜுஜுபி.

1985ல் இரண்டும் கடைக்கு வந்தன. இரண்டிலும் மோட்டோரோலா 68000. கம்பெனி வாரியா அடுக்கினால் அமிகா கமடோர் 64க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அதன் உண்மையான அண்ணன் அடாரி 800 எதிர்த் தட்டில் அநாதையா நிற்கும். கமடோர் திவாலானது 1994ல். அதே வருஷம் மைனரும் போய்ச் சேர்ந்தார். லேபிளில் இருப்பது மட்டும் கமடோர் பெயர்.

ஐபிஎம் பிசிக்கு இந்தச் சண்டையே வேண்டாம். 1982 நவம்பரில் காம்பாக் அதற்கு ஒத்துப்போகும் மெஷினை அறிவித்தது. அதற்கப்புறம் ஆளாளுக்கு நகல் எடுத்தார்கள். பெட்டி மேலே எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே ஒரே சரக்கு.

என்னைக் கேட்டால், யார் வடிவமைத்தது, எதோடு எது பொருந்தும் என்று பார்த்துத்தான் அடுக்குவேன். ஒரே ஒரு தட்டு மட்டும் விதிவிலக்கு. அமிகா 2000 போர்டில் நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒன்றைச் சால்டர் பண்ணி வைத்திருப்பார்கள். 386, 486 பிசி போர்டுகள் பலவற்றிலும் அதே கதை. வருஷம் போகப் போக ஒழுகி, போர்டின் செம்புத் தடங்களை அரித்துத் தின்றுவிடும். இந்த மெஷின்களை எந்தக் கம்பெனியா இருந்தாலும் வாசலுக்குப் பக்கத்துத் தட்டில், கட்டிங் பிளேயரோடு சேர்த்து வைக்கணும். பேட்டரியை வெட்டி எடுத்த பிறகு மைனர் பக்கமா, ட்ரேமியல் பக்கமான்னு சாவகாசமா சண்டை போட்டுக்கலாம்.