விவாக்ஸியாவின் வாய்

கிரீன்லாந்தின் சிரியஸ் பாசெட் பாறைகளுக்குள் இந்த வாரம் நுழைவதாகப் பேச்சு. அதற்குமுன் கனடாவில் தீர்க்க வேண்டிய வழக்கு ஒன்று இருக்கிறது.

விவாக்ஸியா, சுமார் 50 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கனடாவின் பர்ஜெஸ் ஷேல் பாறையாக மாறிய கடலடியில் ஊர்ந்த பிராணி. நன்றாக வளர்ந்தாலும் 5 செ.மீ.தான். மேலுடம்பு முழுக்க ஓட்டுக்கூரைபோல ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில்கள், ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் வரிகள். முதுகில் இரண்டு வரிசையாக நெடிய முட்கள். சில புதைபடிவங்களில் முட்கள் ஒடிந்திருக்கின்றன. எதிரிகள் இருந்திருக்க வேண்டும். அடிப்பக்கம் மட்டும் கவசமில்லாத வெறும் சதை.

1899இல் தொல்லுயிரியலாளர் மேத்யூவுக்குக் கிடைத்தது ஒற்றை முள். அதைக் குழல்வடிவ ஓடு என்று எடுத்துக்கொண்டார். முழுப் பிராணியைக் கண்டவர் வால்காட். பள்ளிப்படிப்போடு நின்று, ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைமைவரை உயர்ந்த மனிதர். பர்ஜெஸ் ஷேலில் 65,000 படிவங்களுக்குமேல் திரட்டியவர். சேகரிப்பில் அவருக்கு இணை கிடையாது. ஆனால் புதிதாகக் கண்டதையெல்லாம் தெரிந்த குடும்பங்களிலேயே திணித்தார். 1911இல் விவாக்ஸியாவும் கடற்புழுவானது. அந்த முத்திரை எழுபது ஆண்டுகளுக்குமேல் நிலைத்தது.

1985இல் தொல்லுயிரியலாளர் கான்வே மோரிஸ் அதைக் கலைத்தார். புழுவுக்குரிய உடல்வளையங்கள் எங்கே என்று கேட்டார். வாயிலிருந்த பல்வரிசைகள் நத்தையின் ராடுலாவை, அதாவது சுரண்டும் நாக்கை, நினைவூட்டுவதையும் எடுத்துச் சொன்னார்.

இந்தக் கதையின் நாயகன் அவருமல்ல, பட்டர்ஃபீல்ட் என்ற ஆய்வாளர். பாறையை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் கரைத்துச் செதில்களைத் தனியே பிரித்தெடுத்து, நுண்ணோக்கியில் வைத்தார். உள்ளே நெருக்கமான இழைகள். கடற்புழுவின் முள்மயிர் வளரும் அதே விதம். எனவே புழுவே என்று 1990இல் எழுதினார். முடிவு நிற்கவில்லை: முட்டையிலிருந்து வெளிவந்த ஆக்டோபஸ் குஞ்சின் தோலிலும் அப்படிப்பட்ட மயிர்கள் உண்டு, ஆனால் அது புழுவல்ல. இருந்தாலும், வெளித்தோற்றத்தை வைத்தே நடந்த சண்டையைச் செதிலின் உள்ளமைப்புக்குக் கொண்டுபோனவர் அவர்தான். அந்தப் பெருமை குறையாது.

2012இல் மார்ட்டின் ஸ்மித் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வாயைப் பார்த்தார். நடுவில் ஒரு பல், இருபுறமும் சமச்சீராக மற்றவை. இப்படி இரண்டு மூன்று வரிசைகள். தரையைச் சுரண்டித் தின்ன ஏற்ற அமைப்பு. நத்தை, கணவாய் முதலிய மெல்லுடலிகளின் பக்கமே தராசு சாய்ந்தது. கவசத்தை வைத்து ஒரு நூற்றாண்டு வாதாடியவர்கள் வாயிலிருந்தே தொடங்கியிருக்கலாம்.

விவாக்ஸியாவுக்கு ஓடு கிடையாது. கிரீன்லாந்துப் பிராணியான ஹல்கீரியாவுக்கோ செதில்களோடு முன்னும் பின்னும் ஒவ்வோர் ஓடு. அது அடுத்த வாரம்.