வாசகர்க்கு வழிகாட்டல்: எஸ்.ஆர். அரங்கநாதனின் நூலகப் பணி

கோலன் பகுப்பு முறையை (1933) வகுத்தவர் என்றே எஸ்.ஆர். அரங்கநாதன் பெரிதும் அறியப்படுகிறார். நூலகத்திற்கு வருவோர்க்கு வழிகாட்டுவதை நூலகப் பணியின் மையமாக அவர் கருதியமையும் அதற்கு இணையாகக் கருதத்தக்கது.

மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த அரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டே இலண்டன் சென்று நூலகவியல் பயின்றார். திரும்பியபின், வாசகர் தாமே அடுக்குகளுக்குச் சென்று நூலெடுக்கும் திறந்த முறையை நடைமுறைப்படுத்தினார்.

இம்முறை புதிய தேவையொன்றையும் தோற்றுவித்தது. பணியாளர் நூலெடுத்துத் தருமிடத்தில் வாசகர் அடுக்கின் ஒழுங்கை அறிய வேண்டியதில்லை. தாமே தேடுமிடத்தில் அறிந்தாக வேண்டும். பகுப்பெண்ணும் நூற்பட்டியலும் வழிகாட்டிப் பலகைகளும் இதற்கு ஓரளவே உதவும். தம் தேவையைத் தெளிவாகக் கூற இயலாத புதிய வாசகர்க்கு அவை போதா. ஒவ்வொரு வாசகர்க்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும், வாசகரின் நேரம் காக்கப்பட வேண்டும் என அவர் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் இரண்டாவதும் நான்காவதும் வலியுறுத்துகின்றன. இவை நிறைவேற, வாசகரோடு உரையாடி உதவும் நூலகர் தேவைப்படுகிறார்.

இன்றைய கணினி நூற்பட்டியல் நூலின் இருப்பிடத்தைக் காட்டுகிறது. ஆய்வுக்கு எந்நூல் வேண்டும் என்பதை வாசகரிடம் கேட்டறிந்து தெளிவுபடுத்துவது நூலகரின் பணியாகவே தொடர்கிறது. ஆதலால், கணினி வந்தபின் அப்பணியிடம் தேவையில்லை எனக் கருதுதல் அரங்கநாதனின் விதிகளுக்கு முரணாகும்.