எஸ்பிரெசோ

நைசாக அரைத்த காப்பித்தூளின் ஊடே, கொதிநிலைக்குச் சற்றுக் கீழான வெந்நீரை உயர் அழுத்தத்தில் செலுத்தி இறக்கும் அடர்த்தியான காப்பி எஸ்பிரெசோ. இதன் தாயகம் இத்தாலி. மிலான் நகரத்து லூயிஜி பெட்செரா 1901-இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் நீராவியின் அழுத்தத்தில் இயங்கியது. அதில் பொன்னிற நுரையான கிரேமா எழவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அக்கிலே காஜா நெம்புகோலும் சுருள்வில்லும் கொண்டு அழுத்தத்தைப் பலமடங்கு உயர்த்திய பிறகே அந்த நுரை வந்தது. 1961-இல் ஃபயேமா நிறுவனம் அந்த வேலையை மின்பம்புக்கு மாற்றியது.

வீட்டு இயந்திரங்களின் பெட்டியில் காணும் '15 பார்' அழுத்தம் என்பது பம்பின் உச்சத்திறன் மட்டுமே. தூளின் மேல் தேவைப்படுவது சுமார் 9 பார். நீரின் சூடு 90 முதல் 96 பாகை செல்சியஸ். அந்த அழுத்தம் உருவாவது தூள் நீரைத் தடுப்பதால்தான். ஆகவே சுவையைத் தீர்மானிப்பதில் இயந்திரத்தைவிட அரைவைக்கே பங்கு அதிகம். செலவழிக்கும் பணத்தில் நல்ல பகுதி அரைக்கும் கருவிக்குப் போவதே சரி. மிக்சியின் பிளேடு கொட்டையைச் சீராக அரைக்காமல் மாவும் நொய்யுமாக வெட்டித் தள்ளும். இரண்டு பற்தட்டுகளுக்கிடையே அரைக்கும் கருவியே இதற்கு ஏற்றது. சிக்கரி கலந்த ஃபில்டர் தூள் பொருந்தாது. சிக்கரி நீரில் மிகுதியாகக் கரைந்து வடிகூடையின் நுண்துளைகளை அடைக்கும்.

தொடக்க அளவாக 18 கிராம் தூளிலிருந்து 36 கிராம் காப்பி, 25 முதல் 30 விநாடிக்குள் இறங்கலாம். பத்து விநாடியில் கொட்டிவிட்டால் புளிப்பும் நீர்த்தன்மையும் மிஞ்சும். அப்போது இன்னும் நைசாக அரைக்க வேண்டும். சொட்டுச் சொட்டாகத் தயங்கி இறங்கினால் கசக்கும். அப்போது சற்றுக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். தூளின் எடையையும் அரைவையையும் ஒரே நேரத்தில் மாற்றினால், சுவை மாறியதன் காரணம் பிடிபடாது. தூளைக் கூடையில் பரவலாக நிரவி, மட்டமாக அழுத்துவது முக்கியம். ஒரு பக்கம் சாய்ந்தால் நீர் தளர்ந்த பக்கமாக வழி கண்டு ஓடிவிடும். பயன்படுத்திய தூள்வில்லையைத் தட்டி எடுக்கும்போது அதில் சிறு ஓட்டைகள் தெரிந்தால் நடந்தது அதுவே. கூடையைத் தாங்கும் பிடியைப் பொருத்தியபடியே இயந்திரத்தை நன்கு சூடாக விடுவதும் அவசியம். குளிர்ந்த உலோகம் நீரின் சூட்டைத் தின்றுவிடும்.

பால் கலந்து குடிப்பதானால், பாலின் சூடு 60 முதல் 65 பாகை போதும். நீராவிக்குழாயின் நுனியை முதலில் பாலின் மேற்பரப்பை ஒட்டியும் பிறகு ஆழத்திலும் வைத்தால் நுரை மென்மையாகும். முடிந்த உடனே குழாயை ஈரத்துணியால் துடைத்து, ஒருமுறை நீராவியைத் திறந்துவிட வேண்டும். காய்ந்த பால் துளையை அடைத்துக்கொள்ளும்.

இயந்திரத்துக்குப் பெரும்பகை உப்புநீர். ஆழ்துளைக் கிணற்று நீரின் சுண்ணாம்பு சூடேற்றியில் படிந்து இறுகும். வடிகட்டிய நீரை ஊற்றுவதோடு, உற்பத்தியாளர் குறிப்பிடும் இடைவெளியில் படிவுநீக்கியைக் கொண்டு கழுவுவதும் தேவை. காப்பியெண்ணெய் படியும் கூடையையும் சல்லடையையும் அன்றாடம் அலசாவிட்டால் புதுக் கொட்டையிலும் சிக்குவாடை ஏறும்.