விசையைச் சொல்லும் கண்ணாடி இழை

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு ஊருக்குச் செல்லும் ரயில் பிரயாணமே ஒரு திருவிழா. மூட்டை முடிச்சுகளை ஏற்றி, இடம் பிடித்து அமர்ந்தபின், ஜன்னல் வழியே வயல்களையும் ஆறுகளையும் பார்க்கிறோமேயன்றி, எஞ்சினின் தலைக்கு மேல் நடப்பதை நாம் பார்ப்பதில்லை. அங்கே, மடிந்து விரியும் உலோகச் சட்டம் ஒன்று, மேலே செல்லும் மின்கம்பியைத் தொட்டுத் தடவிக்கொண்டே வருகிறது. அதற்குப் பாண்டோகிராஃப் என்று பெயர். அது கம்பியை அளவுக்கு மீறி அழுத்தினால் கம்பி தேயும். அழுத்தம் குறைந்தால் தொடுகை விட்டுப் பொறி பறக்கும். கம்பி அறுந்தாலோ அந்தத் தடமே ஸ்தம்பித்துவிடும். ஆகவே, அந்த அழுத்தம் எவ்வளவு என்பதை அறிந்தே ஆகவேண்டும். ஆனால், 1957ஆம் ஆண்டில் இந்திய ரயில்வே ஏற்றுக்கொண்ட முறைப்படி அக்கம்பியில் உள்ள மின்னழுத்தம் 25,000 வோல்ட். அவ்விடத்தில் அளவு கருவியை வைப்பது எங்ஙனம்? இதற்கு விடை கண்ட வரலாறு முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

விசையைக் கண்ணால் காண இயலாது. அது ஒரு பொருளில் உண்டாக்கும் மாறுதலையே காண இயலும். 1678ஆம் ஆண்டில் இலண்டனில் இராபர்ட் ஹூக் வெளியிட்ட விதி இதுதான்: எவ்வளவு விசையோ அவ்வளவு நீட்சி. மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நமக்கு இவ்விடத்தில் ஒரு மகிழ்ச்சி உண்டு. பொருளுக்குள் எழும் எதிர்ப்பைத் தகைவு என்றும், அதன் வடிவில் நேரும் மாறுதலைத் திரிபு என்றும் தமிழ்ப் பாடநூல்கள் தெளிவாகப் பிரித்து வைத்துள்ளன. திரிபை அளந்தால் தகைவு தெரியும். தகைவு தெரிந்தால் விசை தெரியும்.

இரும்பும் எஃகும் நீளுகின்ற நீளமோ மிகமிகச் சிறியது. அதை அளப்பதற்கு மின்சாரம் துணை வந்தது. உலோகக் கம்பியை இழுத்தால் அதன் மின்தடை மாறுகிறது என்பதை, பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பெற்ற வில்லியம் தாம்சன் 1856ஆம் ஆண்டில் காட்டினார். எனினும் அவ்வுண்மை கருவியாக உருப்பெற எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எட்வர்டு சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் என்னும் இருவர், தனித்தனியே, மெல்லிய கம்பியைப் பொருளின்மேல் ஒட்டித் திரிபை அளந்தனர். பூகம்பம் நீர்த்தொட்டிகளை எவ்வாறு பாதிக்கும் என்பதை ஆராய்ந்தபோதே ரூஜ் இவ்வழியைக் கண்டார். இன்று மளிகைக் கடையில் அரிசி நிறுக்கும் மின்னணுத் தராசுக்குள்ளும் அக்கருவியின் வழித்தோன்றலே இருக்கிறது.

ஆயினும் அதற்கும் ஓர் எல்லை இருந்தது. அது தரும் மின்சாரச் செய்தி மிக நுட்பமானது. பெரிய மின்னாக்கிகளின் அருகிலும் உயரழுத்தக் கம்பிகளின் அருகிலும் அச்செய்தி இரைச்சலில் மூழ்கிவிடும். எரிவாயு சூழ்ந்த இடத்திலோ சிறு பொறியும் ஆபத்து. மின்சாரத்தின் கோட்டைக்குள் மின்சாரத்தையே ஒற்றனாக அனுப்புவது கடினமாயிற்று.

இதற்கிடையே வேறொரு கதை வளர்ந்து வந்தது. பாய்ந்து வளையும் நீரோடு ஒளியும் வளைந்து செல்வதை 1841ஆம் ஆண்டில் ஜெனீவாவில் கொலாடன் காட்டினார். 1854ஆம் ஆண்டில் இலண்டனில் டிண்டல் காட்டினார். நூறாண்டு கழித்து, 1954ஆம் ஆண்டில், பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, இலண்டனில் பேராசிரியர் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, கண்ணாடி இழைக் கற்றையின் வழியே உருவங்களை அனுப்பியதை வெளியிட்டார். தூய்மையான கண்ணாடி இழையில் செய்திகளைத் தொலைதூரம் அனுப்பலாம் என்று 1966ஆம் ஆண்டில் சார்லஸ் காவோவும் ஹாக்கமும் எழுதினர். 1970ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னிங் ஆலையில் அத்தகைய இழை உருவாயிற்று. உருவத்தைக் காண்பதும் தொலைபேசியும் இவர்கள் நாடியவை. விசையை அளப்பது இவர்கள் நோக்கமன்று.

1978ஆம் ஆண்டில் கனடாவின் ஆட்டவாவில் கென்னத் ஹில் என்பாரும் அவருடைய குழுவினரும் லேசர் ஒளியை ஓர் இழைக்குள் செலுத்தினர். நேரம் செல்லச் செல்ல இழை அவ்வொளியை மேலும் மேலும் திருப்பியனுப்பியது. இழையின் உட்பகுதியில், சீரான இடைவெளியுடன், நுண்ணிய வரிகள் தோன்றியிருந்தன! வரிகளின் இடைவெளிக்குப் பொருந்தும் நிறம் மட்டும் திரும்பி வரும். ஏனையவை கடந்து செல்லும். எக்ஸ் கதிர்களுக்காக லாரன்ஸ் பிராக் 1912ஆம் ஆண்டில் கண்ட விதியை ஒத்ததாதலால் இதற்குப் பிராக் கீற்றணி என்று பெயர் வந்தது. 1989ஆம் ஆண்டில் மெல்ட்ஸும் அவர் தோழர்களும் புறஊதா ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்சி, வேண்டிய இடைவெளியில் வரிகளைப் பதிக்கும் முறையைக் கண்டனர்.

இழையை இழுத்தால் வரிகளின் இடைவெளி விரியும். திரும்பி வரும் ஒளியின் அலைநீளம் மாறும். ஒரு மீட்டர் நீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீண்டால், 1550 நானோமீட்டர் அலைநீளம் ஏறத்தாழ 1.2 பிக்கோமீட்டர் நகரும். பிக்கோமீட்டர் என்பது மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு நுண்மையையும் கருவிகள் அளந்துவிடுகின்றன. ஆனால் ஒரு பாகை வெப்பம் கூடினாலும் அலைநீளம் சுமார் 10 பிக்கோமீட்டர் நகர்ந்துவிடும். வெயிலை விசையென்று எண்ணி ஏமாறாதிருக்க, இழுவிசை படாத மற்றொரு கீற்றணியை அருகில் வைத்து, அதன் கணக்கைக் கழிக்கின்றனர்.

கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது, பொறியும் விடாது. ஆகவே, ஓடும் ரயிலின் பாண்டோகிராஃபிலும், இடி விழும் காற்றாலைச் சிறகிலும், எண்ணெய்க் கிணறுகளிலும் இவ்விழை வேலை செய்கிறது. கொல்கத்தாவில் 1950ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மத்திய கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் ஒளி இழைகளையும் அவற்றாலான உணர்கருவிகளையும் ஆராய்ந்து வருகிறது.

இயந்திரம் முறியும் முன் ஓசையெழுப்பி எச்சரிப்பது அரிது. அதனருகே நிற்கும் தொழிலாளியின் உயிர், அந்த மௌனத்தைப் புரிந்துகொள்வதைப் பொறுத்தது. தலைமயிரைப் போன்ற இழை அம்மௌனத்தை மொழிபெயர்த்துத் தருகிறது. கேட்டு நடக்க வேண்டியது மனிதர் பொறுப்பு. அடுத்த முறை ஊருக்குப் புறப்படும்போது, வண்டியில் ஏறுமுன் ஒரு கணம் எஞ்சினின் மேலே நோக்குவோமாக.