மறுபடியும் நொடித்துப்போனால் எத்தனை வருஷம் காத்திருக்கணும்?

கடன் அட்டை, தொழில் நட்டம், நண்பருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து... ஒருமுறை நொடித்துப்போய் மீண்டவர் மறுபடியும் சிக்கினால் என்ன ஆகும்?

சிங்கப்பூரில் இரண்டாம் முறை வெளியே வர இன்னும் அதிக காலம் பிடிக்கும்.

எத்தனை ஆண்டு?

2016 ஆகஸ்ட் முதல் நடப்பில் உள்ள விதிமுறை இது. உங்கள் வருமானம், குடும்பத் தேவை போன்றவற்றைப் பார்த்து, நீங்கள் கட்டவேண்டிய இலக்குத் தொகை முடிவு செய்யப்படும்.

முதல்முறை: முழுமையாகக் கட்டினால் 3 ஆண்டில் விடுபடலாம். இல்லையென்றால் 5 முதல் 7 ஆண்டு.

மறுமுறை: முழுமையாகக் கட்டினால் 5 ஆண்டு. இல்லையென்றால் 7 முதல் 9 ஆண்டு.

எப்போதிலிருந்து கணக்கு?

தீர்ப்பு வந்த நாளிலிருந்து என்று நினைக்காதீங்க. சொத்து, வருமானம், கடன் பற்றிய அறிக்கையை நீங்கள் சமர்ப்பித்த பிறகுதான். தள்ளிப்போட்டால் காத்திருப்பும் நீளும்.

அதுவரை வெளிநாடு போகணும்னாலும் முன்அனுமதி தேவை.

வேறு வழி இல்லையா?

கடன் 150,000 வெள்ளிக்கு மிகாமல் இருந்தால், அதிகபட்சம் 5 ஆண்டில் திருப்பிக் கட்டும் திட்டம் ஒன்று உண்டு. அதில் சேர்ந்தால் நொடித்துப்போவதைத் தவிர்க்கலாம். ஆனால் கடந்த 5 ஆண்டில் நொடித்துப்போனவராக இருந்திருந்தால் அதில் சேர முடியாது.

அதனால் தவணை தவறத் தொடங்கும்போதே வங்கியிடம் பேசிடுங்க. நீதிமன்றக் கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.